அச்சமும் அபயமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2020ஆம் ஆண்டு பங்குனி மாதம். திவ்யதேசங்கள் பலவற்றில் அது திருநாட் காலம். வாகனங்கள் துடைக்கப்பெற்று, திருத்தேருக்குச் சாரம் கட்டும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளை. மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகெங்கும் பரவும் கொள்ளைநோய் என்று அறிவித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னரே தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டிருந்தார். மார்ச்சு 20 முதல் திருமலையில் அடியார்களுக்கு ஸேவை நிறுத்தப்பெற்றது; அந்நாட்களிலேயே தமிழகத்துத் திருக்கோயில் வாசல்களும் அடைக்கப்பெற்றன. 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஊரடங்கு. 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அந்த 21 நாளும் போதாமல் மேலும் மேலும் நீண்டதை இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்கள் அனைவரும் அறிவர்.

அன்று வீடுகளில் இருந்த நிலையைச் சற்றே நினைவுகூர்வது நன்று. பிள்ளை அயல்நாட்டில், பெற்றோர் அக்ரஹாரத்தில். விமானங்கள் நின்றுவிட்டன. கைப்பேசி மணி ஒலித்தால் எடுப்பதற்குக் கை நடுங்கிற்று. ஒலிக்காவிட்டாலும் மனம் நடுங்கிற்று. கிழவர் ஒருமுறை இருமினால் வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இருமியவரோ, தம்மால் மற்றவர்க்குக் கலக்கம் வேண்டாமென்று அடுத்த இருமலை மேல்வஸ்திரத்தில் அடக்கிக்கொண்டார். பால் பையைச் சவுக்காரம் இட்டுக் கழுவினார்கள். கறிகாய்களை உப்பு நீரில் ஊறவைத்தார்கள். செய்தித்தாளை வெயிலில் போட்டு எடுத்துப் படித்தவர்களும் உண்டு. கடைக்குச் சென்று வந்த மகனை வாசலிலேயே நிறுத்தி, கொல்லைப்புறமாகச் சென்று நீராடிவிட்டு உள்ளே வரும்படி தாய் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் நீராடும்வரை உள்ளே நின்று கண் கலங்கினாள்.

இத்தகைய கலக்கத்தின் நடுவே, பகவத் ஸம்பந்தம் உடையவர்களின் உள்ளத்தில் வேறொரு கேள்வியும் எழுந்தது. எம்பெருமான் திருவடிகளில் பரந்யாஸம் செய்துகொண்ட பின்னும் அஞ்சலாமோ? அஞ்சினால் அந்தச் சரணாகதிக்கு அங்கமாகச் சொல்லப்பட்ட மஹாவிச்வாஸம் குறைவுபட்டதாகாதோ? வாய்விட்டுக் கேட்டவர்கள் சிலரே. கேட்காமல் உள்ளேயே புழுங்கியவர்கள் பலர்.

அந்நாட்களில் இதற்கு இரண்டு விடைகள் தெருவில் கிடைத்தன. பக்தி உள்ளவனுக்கு இந்நோய் வாராது என்பது ஒன்று. கோயில் கதவே அடைக்கப்பட்டுவிட்டது, இனி தெய்வம் யாரைக் காக்கும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னவர்கள் ஆஸ்திகர்கள். இரண்டாவதைச் சொன்னவர்கள் பரிஹாஸம் செய்தவர்கள். இரு சாராரும் ஸம்ப்ரதாயத்தை அறியாமலே பேசினார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

பக்தனுக்கு நோய் வாராது என்று நம் பூர்வாசார்யர்களில் ஒருவரும் அருளிச்செய்யவில்லை. சரணாகதி செய்தவனுக்குப் பலன் மோக்ஷம். இந்த சரீரம் உள்ளவரை ப்ராரப்த கர்மத்தின் பலனாக வரும் இன்பதுன்பங்கள் அவனையும் தொடரும். ஆளவந்தாருக்கே கொடிய பிளவை நோய் வந்ததை குருபரம்பரை சொல்லுகிறது. கூரத்தாழ்வான் தம் திருக்கண்களை இழந்தார். அந்த மஹான்களுக்கு இல்லாத பக்தியா நமக்கு வந்துவிட்டது? நோய் வந்தவனைப் பார்த்து, இவன் பக்தியில் ஏதோ குறை என்று எண்ணுவது, அவன் பட்ட புண்ணில் கோலிட்டுக் குத்துவதாகும். அப்படி எண்ணியவர்களும் அந்நாட்களில் இருந்தார்கள்; அது பாகவத அபசாரம்.

கதவு அடைக்கப்பட்டதைப் பரிஹாஸம் செய்தவர்களுக்கு விடை, திருவரங்கத்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தபோது, மூலவர் திருமுன்பே கல் சுவர் எழுப்பப்பெற்றது என்பதும், பிள்ளை லோகாசார்யர் தம் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கி நடந்தார் என்பதும் ஸம்ப்ரதாய வரலாறு. மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் அந்த மஹாசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371இல். இடையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, முதுமை எய்தும் காலம். சுவர் எழுப்பிய கைகள் அவிச்வாஸத்தினால் எழுப்பவில்லை. எம்பெருமானுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்னும் பரிவினால் எழுப்பின.

2020இலும் கோயில்களில் திருவாராதனம் நின்றுவிடவில்லை. விச்வரூபம் முதல் அரவணை வரையில் அர்ச்சகர்களும் பரிசாரகர்களும் தத்தம் கைங்கர்யத்தைச் செய்தார்கள். திருமடைப்பள்ளியில் அடுப்பு எரிந்தது. ஸேவிக்க வருவோர்தாம் இல்லை. அவ்வாண்டு சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. மதுரை மக்களுக்கு அது எத்தகைய ஏக்கம் என்பதை வெளியூரார் அளந்தறிய இயலாது. திருமலையில் ஜூன் 11 முதலும், தமிழகத்துப் பெரிய கோயில்களில் செப்டம்பர் 1 முதலும் அடியார்கள் மீண்டும் ஸேவித்தார்கள். அப்போதும் பல ஸந்நிதிகளில் தீர்த்தம், ஸ்ரீசடகோபம் ஸாதிக்கப்பெறவில்லை. ஸ்ரீசடகோபத்துக்குக் குனிந்து பழகிய தலைகள், அது இல்லாதபோதும் பழக்கத்தால் தாமே குனிந்தன.

இனி, அஞ்சலாமோ என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். இதற்கு ஸம்ப்ரதாயம் தரும் விடை, பெரியாழ்வாரின் சரிதத்திலேயே முதன்முதலாக நிற்கிறது.

வில்லிபுத்தூரில் வடபெருங்கோயிலுடையானுக்குத் திருமாலை கட்டி ஸமர்ப்பித்துவந்த அவர், மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் ஸபையில் பரதத்வ நிர்ணயம் செய்து பொற்கிழியை வென்றார். அரசன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அந்த வைபவத்தைக் காண, எம்பெருமான் தானே கருடன்மேல் பிராட்டியுடன் வானத்தில் எழுந்தருளி நின்றான். மற்றொருவராயின் அந்த ஸேவையில் தம்மையே மறந்திருப்பார். ஏதேனும் வரம் கேட்டிருப்பார். ஆழ்வாரோ அஞ்சினார். காலம் ஆட்சி செய்யும் இந்த இருள்தரும் உலகத்தில் இத்தகைய வடிவழகு எல்லார் கண்ணிலும் பட நிற்கிறதே, இதற்கு என்ன தீங்கு வருமோ என்று அவர் உள்ளம் பதறிற்று. யானையின் மேலிருந்த மணிகளையே தாளமாகக் கொண்டு அவனுக்குக் காப்பாகத் திருப்பல்லாண்டு அருளிச்செய்தார்.

இது எவ்வாறு பொருந்தும்? அனைத்துலகையும் காப்பவன் அவன்; காக்கப்படுபவர் இவர். காக்கப்படுபவர் காப்பவனுக்குக் காப்பிடுவதாவது? பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இதனை விசாரித்து விடை அருளியிருக்கிறார். அதன் திரண்ட கருத்து இது: அறிவு மேலோங்கிய நிலையில் யார் காப்பவன், யார் காக்கப்படுபவன் என்பது தத்தம் இடத்தில் கிடக்கும். ப்ரேமம் மேலோங்கினால் அது தலைகீழாக மாறும். அவனுடைய ஸர்வசக்தி மறைந்து ஸௌகுமார்யமே கண்முன் நிற்கும். வ்யாக்யாதாக்கள் இந்த அச்சத்திற்கு இட்ட பெயர் அஸ்தாநே பயசங்கை. அச்சத்துக்கு இடமில்லாத இடத்தில் அஞ்சுதல் என்று பொருள். இதனை அவர்கள் குற்றமாகக் கூறவில்லை. பெரியாழ்வார் என்னும் பெயரே இந்தப் பரிவினால் வந்தது என்று கொண்டாடினார்கள்.

விதுரர் விஷயமும் அத்தகையதே. கண்ணன் தூது சென்றபோது தம் திருமாளிகையில் அவனுக்கு ஆஸனம் இட்ட விதுரர், அவன் அமர்வதற்கு முன் அந்த ஆஸனத்தைத் தம் கையாலே தடவித் தடவிப் பார்த்தாராம். அது துரியோதனன் வீடன்று. தம் சொந்த வீடு. ஆஸனம் இட்டதும் தாமே. அங்கே வஞ்சனை எப்படி வரும்? ஆயினும் கை ஓயவில்லை. கோஸலையும் அப்படியே. இராமனைக் காட்டுக்கு அனுப்புகையில், அவன் பராக்ரமத்தை அறிந்திருந்தும், தேவர்களையும் மலைகளையும் நதிகளையும் மரங்களையும் ஒவ்வொன்றாக அழைத்து அவனுக்குக் காவலாக்கி, மூலிகையைக் காப்பாகக் கட்டி, மந்திரம் ஜபித்தாள்.

இப்போது 2020இல் பால் பையைக் கழுவிய தாயை நினைத்துப் பார்க்கவேண்டும். இந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. பொருள்களைத் தொடுவதால் பரவுவது மிகக் குறைவு என்று மருத்துவ அறிஞர்கள் பின்னர்த் தெளிவுபடுத்தினார்கள். கழுவிய பைகளும், உப்பு நீரில் ஊறிய கத்தரிக்காய்களும் பெரும்பாலும் வீண் சிரமமே. பிறகு பலர் அதனைச் சொல்லித் தங்களைத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கலாம். ஆனால் அந்தக் கை, விதுரர் ஆஸனத்தைத் தடவிய கைக்கு உறவு என்பதையும் மறக்கவேண்டாம். இடமல்லா இடத்து அச்சம். ப்ரேமத்தால் பிறந்த அச்சம். அது விச்வாஸக் குறைவு ஆகாது. தன் பிள்ளைக்காகவும் தன் பெற்றோர்க்காகவும் அன்று இரவெல்லாம் உறங்காதிருந்த எவரும், பகவானிடத்தில் குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக் கலங்கவேண்டியதில்லை.

ஆயினும் எல்லா அச்சமும் இந்த ஜாதி அன்று. இதனைச் சொல்லாமல் விட்டால் உண்மையை மறைத்ததாகும்.

2020 ஏப்ரல் மாதம் சென்னையில் நடந்ததை நாடே அறியும். நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, தாமும் அந்நோய்க்கே இரையான ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் தடுத்துக் கல்லெறிந்தது. இரவு வேளையில் உடன்வந்த மருத்துவர்களே குழியை மூடவேண்டியதாயிற்று. மருத்துவமனையில் பணி செய்த செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும் இருந்தார்கள். நோய் கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்து அடைத்த காலம் அது. அந்தத் தகரத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்குப் பால் கிடைத்ததா என்று எட்டிப்பார்த்த அண்டைவீட்டாரும் உண்டு. தகரம் அடித்தது நல்லதாயிற்று என்று உள்ளே சென்று தாளிட்டவர்களும் உண்டு. இவர்களும் அஞ்சினார்கள், அவர்களும் அஞ்சினார்கள். இரண்டுக்கும் பேதம் என்ன?

பேதத்தைத் திருப்பல்லாண்டே காட்டுகிறது. அஞ்சிய ஆழ்வார் தாம் ஒருவராகக் காப்பிட்டு நின்றுவிடவில்லை. கைங்கர்யத்தையே விரும்பும் அநந்ய ப்ரயோஜனர்களைக் கூவி அழைத்தார். தன் ஆத்மாநுபவமே போதுமென்ற கைவல்யார்த்தியை அழைத்தார். செல்வத்தை விரும்பி வந்த ஐச்வர்யார்த்தியையும் அழைத்தார். இவன் தாழ்ந்தவன், இவன் வேறு பலன் விரும்புகிறவன் என்று ஒருவரையும் தள்ளவில்லை. ப்ரேமத்தால் வரும் அச்சம் பிறரையும் கூட்டி அணைக்கும். தன்னையே நினைத்து வரும் அச்சம் அருகில் இருப்பவனையும் வெளியே தள்ளும். அடையாளம் அதுவே.

இவ்விடத்தில் பெரியநம்பி, மாறனேரி நம்பி இவர்களின் சரிதத்தைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மாறனேரி நம்பி நான்காம் வர்ணத்தில் அவதரித்தவர்; வயலில் உழைத்தவர்; ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர். ஆளவந்தாருக்குப் பிளவை நோய் கண்டபோது, ஆசார்யனுடைய திருமேனி படும் வேதனையைக் காணமாட்டாமல், அந்த நோயைத் தமக்கு ப்ரஸாதமாகத் தந்தருளவேண்டும் என்று ப்ரார்த்தித்துப் பெற்றுக்கொண்டார். பிறகு அந்த வேதனையைத் தாமே அநுபவித்தார். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, ஸஹபாடியான பெரியநம்பி தாமே முன்னின்று அவருக்கு ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். ஊரார் பொறுக்கவில்லை, பெரியநம்பியை விலக்கிவைத்தார்கள். அவர் திருமாளிகை வாசலில் முள் இட்டு அடைத்தார்கள் என்றும் சொல்லக் கேள்வி.

பிற்காலத்துத் தகரத்துக்கும் அன்றைய முள்ளுக்கும் உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது. தகரம் நோய் தொற்றும் என்ற அச்சத்தால் வந்தது. முள், தீட்டுத் தொற்றும் என்ற அச்சத்தால் வந்தது.

எம்பெருமானார் தம் ஆசார்யரான பெரியநம்பியிடம் சென்று, இதனைப் பிறரைக்கொண்டு செய்வித்திருக்கலாகாதோ என்று கேட்டபோது அவர் அருளிய விடை ப்ரஸித்தம். ஜடாயு என்னும் பறவைக்கு இராமபிரான் தாமே ஸம்ஸ்காரம் செய்தார். விதுரருக்கு தருமபுத்ரர் செய்தார். இராமனைவிடத் தாம் உயர்ந்தவரோ, ஜடாயுவைவிட மாறனேரி நம்பி தாழ்ந்தவரோ என்ற கருத்துப்படக் கேட்டார். அதற்கு எம்பெருமானார் பதில் சொல்லவில்லை. திருவடிகளில் விழுந்து ஸேவித்தார். பெரியநம்பியின் திருமகள் அத்துழாய், திருவீதியில் எழுந்தருளிய பெருமானையே ஆணையிட்டு நிறுத்தினாள் என்றும், அதன் பின்னரே ஊரார் தம் தவற்றை உணர்ந்தனர் என்றும் வரலாறு.

இதனைக் கேட்டு ஒருவர், அப்படியானால் நோயை ப்ரஸாதமாக ஏற்பதுதானே வைஷ்ணவம், முகக்கவசம் எதற்கு, விலகி நிற்பது எதற்கு என்று வாதிக்கலாம். அந்நாட்களில் அவ்வாறு வாதித்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பயமில்லை என்று மார்தட்டிக்கொண்டு கூட்டத்தில் திரிந்தார்கள். மாறனேரி நம்பி செய்ததன் உயிர்நிலை அவர்களுக்குப் பிடிபடவில்லை. அவர் நோயை ஒருவரிடமிருந்து தாம் வாங்கிக்கொண்டார். அதனை மற்றொருவர்க்குக் கொடுக்கவில்லை. இந்நோயோ, தன்னிடத்தில் இருப்பதைத் தானே அறியாதவனும் பிறர்க்குக் கொடுத்துவிடக் கூடியது. இளைஞன் அஞ்சாமல் திரிவான். நோய் அவன் பாட்டனாரைப் பற்றும். அவனுடைய தைரியத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

கீதையின் பதினாறாம் அத்யாயத்தில் பகவான் தைவீ ஸம்பத்து என்று எண்ணிய குணங்களில் முதலாவதாக வைத்தது அபயத்தை. அதற்கு முன்பே பன்னிரண்டாம் அத்யாயத்தில், தனக்கு ப்ரியமான பக்தன் எத்தகையவன் என்று சொல்லும்போது, உலகம் எவனிடத்தில் அஞ்சி நடுங்குவதில்லையோ, எவன் உலகத்தினிடத்தில் அஞ்சுவதில்லையோ என்று இரண்டையும் சேர்த்தே அருளினான். தான் அஞ்சாமை பாதி. தன்னால் பிறர் அஞ்சாமை பாதி. விபீஷணன் வந்து நின்றபோது இராமபிரான் தான் அஞ்சவில்லை என்று சொல்லி நிற்கவில்லை. எல்லா ப்ராணிகளுக்கும் தான் அபயம் தருவதாகவே விரதம் பூண்டான். ஆகவே, 2020இல் முகத்தை மூடிக்கொண்டு விலகி நின்றவன் கோழையல்லன். அண்டையில் நின்ற கிழவருக்கு அவன் அபயம் தந்துகொண்டிருந்தான். கவச உடைக்குள் வியர்த்து நனைந்தபடி வார்டில் நின்ற செவிலியரும், தினந்தோறும் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளரும் தந்ததும் அந்த அபயமே. அவர்களுக்கு இராப்போது உறக்கம் வந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

ஆசாரத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கைகால் கழுவி உள்ளே வருதல், மடி, பிறர்மேல் படாமல் இருத்தல் எல்லாம் இந்நோயை முன்னரே அறிந்துதான் நம் முன்னோர் வகுத்தனர் என்று அந்நாட்களில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஆசாரம் பகவத் ஆராதனத்துக்கு அங்கமாக ஏற்பட்டது. நோய்க்கு மருத்துவன் விதித்த விதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, தீண்டாமைக்கு நியாயம் தேடுவதற்கு இதனைப் பயன்படுத்தியவர்கள், பெரியநம்பி வாசலில் முள் இட்டவர்களின் வழிவந்தவர்களே ஆவர். கை கழுவுவது நல்லது. அதற்குப் பெருமை வேண்டியதில்லை.

வேதாந்த தேசிகனும் அச்சத்தைப் பற்றி ஒரு ஸ்தோத்ரமே அருளிச்செய்திருக்கிறார். திருவரங்கம் ஆபத்தில் இருந்த காலத்தில் ஸத்யமங்கலத்தில் இருந்துகொண்டு அருளிய அபீதிஸ்தவம் அது. வாதிகள் பலரை வென்ற அந்த மஹான், எனக்கு அச்சமில்லை என்று பாடிவிடவில்லை. அச்சம் உண்டு என்பதை ஒப்பி, அதனை அரங்கன் திருவடியில் வைத்து, திருவரங்கத்தில் வாழ்வோரின் அச்சம் நீங்கவேண்டும் என்று வேண்டினார். தாம் இருப்பது ஸத்யமங்கலத்தில். கவலையோ அரங்கத்தாரைப் பற்றி. மகன் அயல்நாட்டில் இருந்துகொண்டு ஊரிலிருக்கும் பெற்றோரைப் பற்றிக் கவலைப்பட்டபோது அவன் நின்ற இடமும் அத்தகையதே. அவனுக்கு ஸ்தோத்ரம் பாடத் தெரியாதிருக்கலாம். கைப்பேசியில் தந்தை பேசி முடித்தபின் அவன் கோயிலாழ்வார்முன் நின்ற அந்த நிமிஷம், பகவான் கணக்கில் ஏறாமல் போகாது.

இனிச் சொல்லவேண்டியது, பலர் நெஞ்சில் இன்னும் ஆறாதிருக்கும் புண். அந்நாட்களிலும், அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் அலையிலும் பெற்றோர் பரமபதித்தபோது வர இயலாத பிள்ளைகள் எத்தனையோ பேர். விமானம் இல்லை, அநுமதி இல்லை, சிலர் தாமே நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். உடலை மூடிக் கட்டிக் கொடுத்தார்கள். முகம்கூடக் காணக் கிடைக்கவில்லை. வேறொருவர் கர்த்தாவாக நின்று கர்மாக்களைச் செய்தார். சில இடங்களில் உறவினர் ஒருவரும் இல்லாமல், ஊழியர்களும் தொண்டர்களுமே தகனம் செய்தார்கள். ஆண்டுகள் சென்றபின்னும் ச்ராத்த நாளில் இலைமுன் அமரும்போது, அன்று நான் இல்லையே என்ற ஒன்றே அந்தப் பிள்ளைகளை அறுக்கிறது. இந்த உத்ஸவத்துக்கு வந்திருக்கும் கூட்டத்திலும் அத்தகையவர்கள் இருப்பார்கள்.

புத்ரன் வர இயலாதபோது பிறர் அவன் பொருட்டுச் செய்வதை சாஸ்த்ரம் ஒப்புகிறது. ஆபத்தில் குறைந்த அளவில் செய்வதையும் ஒப்புகிறது. அது இருக்கட்டும். ஸாக்ஷாத் இராமபிரானே தந்தையின் அந்திமத்தில் அருகில் இல்லாத பிள்ளை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். இராமன் பெயரைச் சொல்லிக்கொண்டே தசரதன் உயிர் துறந்தபோது, நான்கு பிள்ளைகளில் ஒருவரும் அயோத்தியில் இல்லை. பரதன் கேகயத்திலிருந்து வரும்வரை மன்னன் உடலை எண்ணெய்த் தோணியில் இட்டுக் காத்தார்கள். ஸம்ஸ்காரம் செய்தவன் பரதன். மூத்த பிள்ளைக்குச் செய்தியே பிறகுதான், சித்திரகூடத்தில் பரதன் வாய்மூலமாகக் கிடைத்தது. கேட்டவுடன் வெட்டுண்ட மரம்போல் விழுந்தான் என்கிறார் வால்மீகி. தெளிந்தபின் தம்பியருடனும் பிராட்டியுடனும் மந்தாகினியில் இறங்கித் தந்தைக்கு ஜலாஞ்ஜலி கொடுத்தான். அன்னம் இல்லை, நெய் இல்லை. காட்டில் கிடைக்கும் இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் பிசைந்து தர்ப்பையின்மேல் பிண்டமாக வைத்தான். இப்போது நாங்கள் உண்பது இதுவே, இதனை ஏற்றருளவேண்டும் என்று கண்ணீருடன் வேண்டினான்.

பின்னால் வந்த கோஸலை, தென்முகமாகப் பரப்பிய தர்ப்பையின்மேல் அந்தப் பிண்டத்தைக் கண்டாள். இந்திரனுக்கு நிகராக போகங்களை அநுபவித்த சக்ரவர்த்திக்கு இங்குதிப் பிண்ணாக்கா என்று அவள் நெஞ்சு வெடித்தது. 2020இல் அயல்நாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கிடைத்த அரிசியையும் எள்ளையும் வைத்துக்கொண்டு, புரோஹிதர் கைப்பேசியில் மந்திரம் சொல்ல, தனியே அமர்ந்து செய்த பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தசரதன் அதனை ஏற்கவில்லை என்று வால்மீகி எங்கும் சொல்லவில்லை. இராவண வதம் முடிந்தபின் இலங்கையில் அவன் விமானத்தில் வந்து இறங்கினான். வணங்கி நின்ற இராமனை வாரியெடுத்து மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, உன்னால் நான் கரையேறினேன் மகனே என்ற பொருள்படச் சொன்னான். அருகில் இல்லாமற்போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவன் கேட்கவில்லை.